பிரின்ஸ் ஆஃப் பெர்சியா ரெண்டாம் பாகம் எடுத்த அண்ணாச்சிமாருக்கு பாளையங்கோட்டையில இருந்து ஒரு திறந்த மடல்

யுபிசாஃப்ட் மாண்ட்ரியல்ல இருக்க அண்ணாச்சிமாரே, அக்காமாரே,

வணக்கம். இந்த மடல் இருவது வருசம் லேட்டா வருது, மொதல்ல அதுக்கு மன்னிச்சுக்கிடுங்க. 2004-ல நீங்க பிரின்ஸ் ஆஃப் பெர்சியா கேமோட ரெண்டாம் பாகம் வாரியர் வித்தின் விட்டப்ப எனக்கு பதினஞ்சு வயசு, மடல் எழுதுத அளவுக்கு வெவரம் கெடையாது, அந்த கேம் ஏன் மனசுல ஒட்டலன்னு கூட சொல்லத் தெரியாது, என்னமோ ஒண்ணு கொறையுதுன்னு மட்டும் உள்ள கெடந்து உறுத்திக்கிட்டே இருந்துச்சு. போன மாசம் மொத பாகம் சாண்ட்ஸ் ஆஃப் டைமையும் வாரியர் வித்தினையும் அடுத்தடுத்து முழுசா வெளாண்டு முடிச்சேன். இப்ப சொல்லத் தெரியுது, அதான் எழுதுதேன்.

அதுக்கு முன்னாடி ஒரு பழைய கணக்க தீத்துருவோம். அன்னைக்கு நாங்க வெளாண்டது நாப்பது ரூவா சிடி, கவர்ல பேனாவால பேரு எழுதுன சிடி, அதுல உங்களுக்கு பத்து பைசா வந்திருக்காது. ஒத்துக்கிடுதேன். இப்ப ஸ்டீம்ல ஆஃபர் போட்டப்ப மூணு பாகத்தையும் காசு குடுத்து வாங்கிட்டேன், ஆக இது காசு குடுத்தவன் கேக்க கேள்விதான், ஓசியில வெளாண்டவன் கேக்குததுன்னு தள்ளிராதிய.

அப்போ பாளை பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு மாடியில பிரவுசிங் சென்டர் ஒண்ணு இருந்துச்சு. ஆறு சிஸ்டம், மணிக்கு இருவது ரூவா, யூனிஃபார்ம்ல வார பயலுவளுக்கு பதினஞ்சு. ஆறுல 3-ஆம் நம்பர் சிஸ்டத்துல மட்டுந்தான் கிராபிக்ஸ் கார்டு உண்டு, அதனால அந்த சேருக்கு எப்பவும் அடிபிடி. எங்க சேவ் எல்லாம் அதுலதான் கெடந்துச்சு, எவனாவது வந்து அது மேல சேவ் பண்ணிட்டா ஒரு வாரத்து காசு அப்படியே போச்சு. இதுல கரண்ட் வேற போகும். இளவரசன் கையில இருக்க கத்தி காலத்தையே பின்னாடி ஓட்டும், கரண்ட்டு போனா மட்டும் ஒண்ணும் ஓட்டாது.

எனக்கு அப்ப இங்கிலீஷ் ஓடாது. என் சித்தி மவன் இங்கிலீஷ் மீடியம், என்னைய விட ஒரு வயசு சின்னவன், அவன் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து ஒவ்வொரு வசனத்தையும் எங்க பாஷையில சொல்லுவான். நான் வெளாடணும், அவன் சொல்லணும், காசு பாதி பாதி. சாண்ட்ஸ் ஆஃப் டைம் எனக்கு முழுக்க முழுக்க அவன் வாய் வழியா வந்த கேம், இத மனசுல வச்சுக்கிடுங்க, பெறவு சொல்லுதேன்.

அந்த கேம்ல தாவி ஏறயில தவறி குழியில விழுந்து, காலத்த பின்னாடி ஓட்ட கத்தியில மணலும் இல்லன்னு வைங்க, மத்த கேம்லாம் என்ன செய்யும்? செவப்பு எழுத்துல கேம் ஓவர்னு போட்டு மூஞ்சில அடிக்கும். இதுல இளவரசன் கொரல் வரும். இல்ல இல்ல, அப்படி நடக்கல, மறுபடி சொல்லுதேன்னு. மொத தடவை அது வந்தப்ப சித்தி மவன் சிரிச்சுட்டான். "மக்கா, நீ செத்தது கதையிலயே இல்லையாம்லே, அவன் தப்பா சொல்லிட்டானாம்." அப்பதான் எங்களுக்கு வெளங்குச்சு, இது நடக்குத கதை இல்ல, நடந்து முடிஞ்ச கதைய எவனோ எவருக்கோ உக்காந்து சொல்லிக்கிட்டு இருக்கான், என் கையில இருக்க கீபோர்டு அந்த சொல்லுக்கு ஏத்தாப்ல தட்டுது, அவ்வளவுதான்.

எங்கூர்ப் பக்கம் கோயில் கொடைன்னா வில்லுப்பாட்டு உண்டு. பெரிய வில்ல குடத்து மேல சாச்சு கட்டி, மணி தொங்கவிட்டு, வீசுகோலால அடிச்சுக்கிட்டு புலவர் கதை சொல்லுவாரு, பக்கத்துல இருக்கவரு "ஆமா" போடுவாரு. சொடலைமாடன் கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், எங்க ஆச்சிக்கு வரி வரியா தெரியும், ஆனாலும் நடுராத்திரி வரைக்கும் ஜமுக்காளத்த விரிச்சு உக்காந்து கேப்பா. கதை என்னங்கிறதுக்காக இல்ல, சொல்லுத ஆளுக்காக. புலவர் நடுவுல நிறுத்தி, தண்ணி குடிச்சு, எங்க விட்டேன்னு கேப்பாரு பாத்தியளா, அந்த எடத்துல கூட்டமே சேந்து எடுத்துக் குடுக்கும்.

உங்க மொத கேம்ல அது இருந்துச்சு. சேவ் பண்ணுனா, அடுத்த தடவ இங்கன இருந்து கதைய ஆரம்பிக்கேன்னு இளவரசன் சொல்லுவான். கேம விட்டு வெளிய போக பட்டன் அமுக்குனா, கதை முடியுமுன்ன கெளம்பணுமான்னு கேப்பான். எங்களுக்கு அங்க சென்டர் அண்ணாச்சி, "ஏலே மூணாம் நம்பரு, டைம் முடிஞ்சிட்டு, எந்திரி"ன்னு சத்தம் போடுதாரு, இங்க ஸ்பீக்கர்ல ஒருத்தன் பாவம் போல கெளம்புதியான்னு கேக்கான். ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்து அஞ்சு ரூவா சில்லறைய பையில தேடுன நாள் எல்லாம் உண்டு. ஒரு சாஃப்ட்வேர் நம்மள போகாதன்னு சொல்லுதது அன்னைக்குத்தான் பாத்தேன், இன்னைக்கு வரைக்கும் அந்த அளவு மரியாதையா வேற எதுவும் சொல்லல, இப்ப இருக்க ஆப் எல்லாம் நோட்டிஃபிகேஷன் போட்டே கொல்லுது.

கடைசியில என்ன ஆகுதுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம், ஆனா இத படிக்க எங்காளுவளுக்காக சொல்லுதேன். மகாராஜா அரண்மனைய கொள்ளையடிக்க வந்த எடத்துல, அப்பன்ட்ட நல்ல பேரு வாங்கணும்னு ஆசப்பட்டு அந்த கத்திய எடுக்கவன் இளவரசன்தான். அசாத்ங்குத ஊருல மந்திரி பேச்ச கேட்டு மணல் கடிகாரத்த தொறந்து விடுதவனும் இவன்தான். கத்தி வச்சிருந்த இவன், கோல் வச்சிருந்த மந்திரி, பதக்கம் போட்டிருந்த மகாராஜா மவ ஃபாரா, இந்த மூணு பேரு தவிர ஊரே மணல் பிசாசா மாறிட்டு. சொந்த அப்பனும் பிசாசா வந்து நிக்காரு, இவனே வெட்டணும். அந்த கேம் முழுக்க அவன் செய்யுததெல்லாம் தான் செஞ்ச தப்ப சரி பண்ணத்தான். கடைசியில காலத்தையே திருப்பி, ஒண்ணுமே நடக்காத அந்த ராத்திரிக்கு வந்து, ஃபாரா ரூமுக்கு போயி, இந்தக் கதைய சொல்லுதான். அதாவது இத்தன நேரமும் நமக்குன்னு நெனச்சு கேட்டது அவளுக்கு சொன்னது. "ஆமா" போட வேண்டியவ அவ. அவளுக்கோ இவன் யாருன்னே தெரியாது, நல்ல கட்டுக்கதைன்னு நெனைக்கா. அவ எப்பவோ இவன்ட்ட மட்டும் சொன்ன அந்தச் சின்ன வயசு ரகசிய வார்த்தைய சொல்லிட்டு அவன் பாட்டுக்கு இறங்கி போயிருதான்.

அன்னைக்கு சென்டர்ல 3-ஆம் நம்பருக்கு முன்னாடி நாங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்கல. அண்ணாச்சி கூட டைம் ஆச்சுன்னு சொல்லல. சைக்கிள தள்ளிக்கிட்டே முருகன்குறிச்சி வரைக்கும் வந்தோம். சித்தி மவன்தான் கேட்டான், "அவன் அவளுக்கு நெசமாவே கடைசி வரைக்கும் புரிய வைக்கவே மாட்டானோ?"

இதுக்கு மேல ரெண்டாம் பாகம் வருதுன்னதும் நாங்க எப்படி காத்துக் கெடந்திருப்போம்னு யோசிச்சுப் பாருங்க.

சிடி வந்துச்சு. போட்டோம். கப்பல், மழை, ராத்திரி, கடல் கொந்தளிக்குது. ஷாடின்னு ஒருத்திய அறிமுகப்படுத்துதிய, அவ மூஞ்சி வாரதுக்கு முன்னாடி கேமரா வேற எங்கயோ போயி நிக்குது. எங்க இளவரசன் பேசுனான், அது எங்க இளவரசன் கொரலே இல்ல. யூரி லோவென்தால எடுத்துட்டு ராபின் ஆட்கின் டவுன்ஸ போட்டிருக்கியன்னு எல்லாம் அப்ப தெரியாது, தொண்டையில கல்ல போட்டு ஆட்டுத மாதிரி ஒருத்தன் உறுமுதான்னு மட்டும் தெரிஞ்சுச்சு. டஹாகாங்குத பூதம் தொரத்த ஆரம்பிச்சா காட்ஸ்மாக் பேண்டோட கிட்டாரு அலறுது. மொத பாகத்துல ஸ்டூவர்ட் சாட்வுட் போட்ட இசையில ஒரு பாலைவனமும் ஒரு அரண்மனையும் கண்ணுக்குள்ள வரும், இதுல காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல கிட்டாருக்கு சவுண்ட் செக் பண்ணுத ஞாபகம்தான் வருது.

ஆனா நெசத்த சொல்லணும்லா. சென்டர்ல அந்த கேம் பிச்சுக்கிட்டு போச்சு. மொத பாகம் நான் வெளாண்டப்ப பின்னாடி ஒருத்தனும் நிக்க மாட்டான், வாரியர் வித்தின் போட்டா பத்து பேரு நிப்பான். ரெண்டு கையில ரெண்டு கத்தி, தூண புடிச்சு சுத்திச் சுத்தி வெட்டு, ஒருத்தன் கத்திய புடுங்கி இன்னொருத்தன் மேல எறி, ரெண்டா வகுந்து விழுதான். "வகுடு மக்கா, வகுடு"ன்னு ஒரே சத்தம். நானும் வகுந்தேன். சந்தோசமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

அப்ப ஒரு விசயம் நடந்துச்சு, நான் அத கவனிக்கல, இப்பதான் நெனச்சுப் பாக்கேன். சித்தி மவன் பக்கத்துல அதே ஸ்டூல்லதான் இருந்தான். மொத நாளு ரெண்டு மூணு வசனத்த சொல்லிப் பாத்தான். பின்னாடி நின்ன பயலுவ "ஏ அத வுடுலே, சண்டைக்கு போ"ன்னுட்டானுவ. நானும் ஸ்கிப் பண்ணிட்டேன். மறுநாளும் அப்படித்தான். மூணாம் நாளு அவன் எந்திரிச்சு 5-ஆம் நம்பருக்கு போயி யாஹூ சாட்ல உக்காந்துட்டான். பாதி காசும் குடுக்கல. ஏம்லேன்னு கேட்டதுக்கு, "இதுல நான் என்னத்துக்கு, வெட்டுக்கு என்ன அர்த்தம் சொல்ல?"ன்னான்.

அண்ணாச்சிமாரே, நான் இருவது வருசமா தேடுன குறை அதான். சித்தி மவனுக்கு சோலி இல்லாம பண்ணிட்டிய.

எதுக்கு அப்படி செஞ்சியன்னும் எனக்கு ஓரளவு புரியுது. மொத பாகத்துல சண்டை சவசவன்னுதான் இருக்கும், அத நானும் சொல்லுவேன். ஒரு ரூமுக்குள்ள போனா பிசாசு வரும், வெட்டு, கீழ விழுந்ததும் கத்தியால குத்தி மணல உறிஞ்சு, உடனே அடுத்த செட்டு வரும், மறுபடி வெட்டு, இன்னொரு செட்டு. எப்படா முடியும்னு இருக்கும். உலகம் முழுக்க எல்லாரும் அந்த குறையத்தான் சொன்னாவ. சண்ட போதலன்னு சொன்னதும் நீங்க சண்டைய சரி பண்ணுனிய, அது நல்லாவும் வந்துச்சு. ஆனா கொழம்புல உப்பு கம்மின்னு சொன்னதுக்கு உப்ப போடணும், கொழம்ப கீழ ஊத்திட்டு உப்ப மட்டும் தட்டுல வைக்கப்பிடாது. குறை சொன்னது நாங்க, அதுல எங்க பங்கும் உண்டு. பின்னாடி நின்னு கத்துன பத்து பேருல என் சத்தமும் உண்டு.

கதையோட கரு மோசம்னு சொல்ல மாட்டேன். மணல தொறந்து விட்டவன் சாவணும், அதான் விதி, இவன் காலத்த திருப்பி தப்பிச்சுட்டதால விதிய காக்குத டஹாகா ஏழு வருசமா இவன தொரத்துது. நல்ல யோசனை. அந்த டஹாகா பின்னாடி வரும்போது திரை கறுப்பு வெள்ளையா மங்கி, கை நடுங்கி, தண்ணிக்கு அந்தாண்ட குதிச்சாதான் மூச்சு வரும், அந்த ஓட்டத்துக்கு இன்னைக்கும் நான் கைய தூக்குதேன். தீவுக்கு போயி, மணலையே உருவாக்காம தடுக்கணும்னு கெளம்புனவன், காலத்தோட ராணி கைலீனாவ கொல்லுதான், அவ செத்த ஒடம்புல இருந்துதான் அந்த மணலே உண்டாகுதுன்னு தெரியுது. எம்புட்டு பெரிய அடி! தடுக்க வந்தவனே காரணம் ஆயிட்டான். மொத பாகம் எடுத்த ஆளுவ கையில இது கெடச்சிருந்தா ஒரு மணி நேரம் நம்மள உக்கார விடாம பண்ணிருப்பாவ.

நீங்க என்ன செஞ்சிய? ஒரு நிமிசம் பொலம்புதான். அடுத்த நிமிசம் புதுத் திட்டம், தன் பழைய காலத்துக்குள்ள திரும்பி போக ஒரு முகமூடி, ஓட்டம், வெட்டு. மொத பாகத்துல அவனுக்கு ஒரு கூச்சம் உண்டு. ஃபாராட்ட பேசயில வாய் குளறும், பெரும பேசுவான், பெறவு தனியா நடக்கயில ஏன் அப்படி பேசுனேன்னு தனக்குத்தானே மொனங்குவான். அவ செவுத்து இடுக்குல நொழைஞ்சு அந்தப் பக்கம் போயி லிவர இழுக்கணும், இவன் இங்கன நின்னு காத்துக் கெடக்கணும். சண்டையில அவ விடுத அம்பு சில நேரம் இவன் முதுகுலயே பாயும். இதெல்லாம் கேம் முறையில பாத்தா தொந்தரவுதான், ஆனா ரெண்டு பேரு சேந்து ஒரு வேலைய பாக்கும்போது நடக்குத தொந்தரவு. ரெண்டாம் பாகத்துல அவன் கூட நடக்க ஆளே இல்ல. தப்ப சரி பண்ணுததுக்கு ஓடுனவன், உயிர காப்பாத்த மட்டும் ஓடுதான். உயிருக்கு ஓடுதவன பாத்தா பாவமா இருக்கும், சரி, ஆனா அவன்ட்ட உக்காந்து கதை கேக்க முடியாது.

பாதையும் அப்படித்தான் ஆயிட்டு. மொத கேம்ல ஒரே அரண்மனைதான், ஆனா ஒரு தடவ தாண்டுன எடத்துக்கு திரும்பி வர வேலையே பெரும்பாலும் இருக்காது, கீழ இருந்து கோபுர உச்சி வரைக்கும் கதை போற வழியிலயே கால் போகும். ரெண்டாவதுல நடுவுல ஒரு மண்டபம், ஒரு பக்கம் தோட்டக் கோபுரம், இன்னொரு பக்கம் யந்திரக் கோபுரம், அந்தக் காலத்துக்கு ஒரு தடவ, இந்தக் காலத்துக்கு ஒரு தடவ, முகமூடி போட்ட பெறவு அதே எடத்துல இன்னொரு தடவ. நெல்லை ஜங்ஷன்ல இருந்து பாளைக்கு வரணும்னா சுலோச்சன முதலியார் பாலத்த தாண்டுனா வேலை முடிஞ்சிட்டு. நீங்க எங்கள டவுனுக்கு கூட்டிட்டு போயி, பேட்டை வரைக்கும் கொண்டு விட்டு, திரும்ப டவுனுக்கு வந்து, பூட்டி கெடக்க கதவ காட்டி, சாவி பேட்டையில இருக்குன்னு சொல்லுதிய. யந்திரக் கோபுரத்துல நான் வழி தெரியாம சுத்துனதுக்கு ரெண்டு நாளு பைசா போச்சு. சும்மா சுத்தல, ஒரே பல்சக்கரத்த பாத்துக்கிட்டே சுத்துனேன். அல்வா எங்கூருக்கு பேரு வாங்கிக் குடுத்த சாமான்தான், ஆனா ஒருத்தருக்கு அல்வா குடுக்குததுன்னா என்ன அர்த்தம்னு தமிழ்நாட்டுல எல்லாருக்கும் தெரியும், அந்த வாரம் எனக்கு நீங்கதான் குடுத்திய.

இன்னொண்ணு. ரெண்டு கேம்லயும் உயிர் கூட்டுததுக்கு ஒளிஞ்சு கெடக்க நீரூற்று உண்டு. மொத கேம்ல ஒரு சந்துக்குள்ள போனா திடீர்னு ஆகாசத்துல தொங்குத பாலம் மாதிரி ஒரு கனவு எடம், நடந்து போயி தண்ணி குடிச்சா, முழிச்சு பாக்கும்போது பழைய எடத்துலயே நிப்பான், நடந்தது நெசமான்னு அவனுக்கே தெரியாது. அம்புட்டு அழகு. கெடைக்கலன்னாலும் கதைக்கு ஒண்ணும் கொறையாது. ரெண்டாவதுல ஒவ்வொரு ஊத்துக்கும் முன்னாடி ரம்பம், முள்ளு, கத்தி வச்ச தூணு. அது கூட பரவால்ல. ஒம்பது ஊத்தையும் குடிச்சாதான் தண்ணி வாள் கெடைக்கும், அந்த வாள் இருந்தாதான் டஹாகாவ அடிச்சு கைலீனாவ காப்பாத்துத முடிவு வரும். ஒண்ணு விட்டாலும் வேற முடிவு, அவ செத்துப் போயிருதா. சரி, வெளாட்டுன்னா ரெண்டு முடிவு இருக்கலாம்னு விட்டா, அடுத்த பாகத்துல ஒம்பதும் குடிச்சவன் பாத்த முடிவுல இருந்துதான் கதைய ஆரம்பிக்கிய. எனக்கு ஏழுதான் கெடச்சுச்சு. 2005-ல டூ த்ரோன்ஸ போட்டா செத்தவ கப்பல்ல உக்காந்து கதை சொல்லிக்கிட்டு வாரா. சித்தி மவன்ட்ட போயி "இவ செத்துட்டால்லா?"ன்னு கேட்டா, "நீதான் கதைய ஸ்கிப் பண்ணுனியே"ன்னு மூஞ்சில அடிச்சான். அவன் சொன்னது தப்பு, ஆனா எனக்கு வேணும்.

ரேட்டிங்க பத்தியும் ஒரு வார்த்த. மொத பாகம் அமெரிக்காவுல பதிமூணு வயசுக்கு மேல ஆடலாம்னு டி ரேட்டிங்ல வந்துச்சு, ரெண்டாவது எம், பதினேழுக்கு மேல. ரத்தம் காட்டுனா பெரியாளுக்கான கதை ஆயிரும்னு யாரோ உங்க மீட்டிங்ல சொல்லிருக்கணும்னு நானா நெனச்சுக்கிடுதேன். அப்பன வெட்டுத மவன், தான் விரும்புனவளுக்கு தன்னையே தெரியாத நெலமை, இதுக்கு மேல பெரியாளு கதை என்ன வேணும்? அது பதிமூணு வயசு ரேட்டிங்லயே இருந்துச்சே.

ஜோர்டான் மெக்னர்னு ஒரு மனுசன் 1989-ல ஆப்பிள் டூ கம்ப்யூட்டர்ல இந்த வரிசைய ஆரம்பிச்சாரு. தம்பிக்கு வெள்ள சட்ட போட்டு ஓட விட்டு, குதிக்க விட்டு, படம் புடிச்சு, அத ஃப்ரேம் ஃப்ரேமா பாத்து வரைஞ்சாரு. அப்பா இசை போட்டாரு. ஒரு வீட்டு ஆளுவ சேந்து செஞ்ச பண்டம். நானும் அந்த கேமும் ஒரே வருசத்துல பொறந்தது, அதுல எனக்கு ஒரு சின்ன பெரும. சாண்ட்ஸ் ஆஃப் டைமுக்கும் கதை எழுதுனது அவருதான், மாண்ட்ரியலுக்கு வந்து உங்க கூட உக்காந்து எழுதுனாரு. வாரியர் வித்தின்ல அவரு இல்ல. எனக்கு இது தெரிஞ்சது ரொம்ப பின்னாடி, தெரிஞ்சதும் ஆச்சரியமே வரல. புலவர் எந்திரிச்சு போயிட்டாரு, குடத்த மட்டும் வச்சு ஓங்கி ஓங்கி தட்டுனா எப்படி.

நீங்களும் இத உணந்திருக்கியன்னு எனக்கு தெரியும். டூ த்ரோன்ஸ்ல பழைய கொரல திரும்ப கூப்பிட்டிய, ஃபாராவ திரும்ப கொண்டு வந்திய, கதை சொல்லுத ஆளும் வந்துட்டா. கெட்டவனா ஆன இளவரசன அவனுக்கு உள்ளயே இன்னொரு ஆளா வச்சு, ரெண்டு பேரையும் வாய்ச்சண்ட போட விட்டது நல்ல யோசனை, ரெண்டாம் பாகத்து இளவரசன ஓரமா தள்ளுததுக்கு அத விட நாசூக்கா வழி இல்ல. கடைசி சீன்ல ஃபாரா, என் பேரு ஒனக்கு எப்படி தெரியும்னு கேக்கா. அவன் மொத கேம் ஆரம்பிச்ச அதே வரியில இருந்து சொல்ல ஆரம்பிக்கான், காலம்னா ஒரே பக்கமா ஓடுத ஆறுன்னு எல்லாரும் நெனைக்காவ, நான் அதோட முகத்த பாத்தவன், அது புயல்ல கெடக்க கடல்னு. தாமிரபரணி ஓரத்துல வளந்தவன் நான், ஆறு ஒரே பக்கமாத்தான் ஓடும்னு நம்புதவன், அந்த வரிய திரும்ப கேட்டதும் 3-ஆம் நம்பர் சேர்ல நிமிந்து உக்காந்தேன். சித்தி மவன் ஸ்டூல இழுத்துப் போட்டு பக்கத்துல வந்துட்டான். கூப்பிடல, அவனா வந்தான். முருகன்குறிச்சியில அவன் கேட்ட கேள்விக்கு பதிலு வந்துட்டுல்லா.

இப்ப அவன் மஸ்கட்ல இருக்கான், எனக்கு ஏழு வயசுல ஒரு மவ இருக்கா. போன மாசம் லேப்டாப்ல சாண்ட்ஸ் ஆஃப் டைம் வெளாடயில மடியில வந்து உக்காந்தா. நான் வெளாடுதேன், இங்கிலீஷ் வசனத்த நானே எங்க பேச்சுல சொல்லுதேன், இருவது வருசத்துல அந்த அளவுக்கு தேறிட்டேன். ஒரு வாரத்துல முடிஞ்சிட்டு. அடுத்தது எங்கப்பான்னு கேட்டா. வாரியர் வித்தின போட்டேன், ஷாடி சீன் வந்துச்சு, லேப்டாப்ப டக்குன்னு மூடுனேன். "ஏம்ப்பா மூடிட்ட?" சார்ஜ் இல்லன்னேன். லைட்டு பச்சையா எரியுது, அவளும் பாக்கா.

சரி, வந்த விசயத்துக்கு வாரேன். 2020-ல சாண்ட்ஸ் ஆஃப் டைம் ரீமேக்னு சொன்னிய, நம்ம புனே, மும்பை ஸ்டுடியோவுல பண்ணுதாவன்னு கேட்டதும் எனக்கு தல கால் புரியல, இந்தியாவுல ஆரம்பிக்குத கதைய இந்தியாவுலயே செய்யுதாவளேன்னு. டிரெய்லர பாத்துட்டு உலகமே திட்டுச்சு, தள்ளிப் போட்டிய, 2022-ல வேலைய மாண்ட்ரியலுக்கே திருப்பி எடுத்துட்டிய. 2026-ல அந்த ரீமேக்கையே நிறுத்திட்டிய, என் கைக்கு அது வந்து சேரவே இல்ல. அதுக்கு சண்டை போட இந்த மடல் எழுதல. அத மறுபடி எடுத்தாலும் சரி, இன்னும் பத்து வருசம் கழிச்சு வேற எவராவது இந்த இளவரசன எடுத்தாலும் சரி, எனக்கு ரெண்டே வேண்டுதல். சண்டைய எப்படி வேணும்னாலும் மாத்திக்கிடுங்க, முகத்த மாத்துங்க, செவுத்துல எத்தன அடி ஓடணுமோ ஓட விடுங்க. ஃபாராவுக்கு பேச்ச கொறச்சிராதிய. அப்புறம் செத்தா வருமே, இல்ல இல்ல அப்படி நடக்கலன்னு, அத யாராவது பழசா இருக்கு, எடுத்துருவோம்னு மீட்டிங்ல சொன்னா தயவு செஞ்சு ஒத்துக்கிடாதிய.

என் மவ இப்ப தனியா வெளாடக் கத்துக்கிட்டா. அந்த ஒரு வசனத்துக்காகவே வேணும்னே இளவரசன கொண்டு போயி குழியில தள்ளுதா. தள்ளிட்டு, அவனுக்கு முன்னாடி இவளே சொல்லுதா, "இல்லல்ல, அப்படி நடக்கல."

இப்படிக்கு,
3-ஆம் நம்பர் சிஸ்டம்,
பாளையங்கோட்டை